நான்கு கோடி இலக்க எண் பகா எண்தான் என்று எப்படித் தெரியும்?

2024 அக்டோபரில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய பகா எண் கிடைத்துவிட்டது என்றார்கள். அந்த எண் 2^136279841 − 1. அதாவது 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். விரித்து எழுதினால் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கம் என்று இரவு பகலாக வாசித்தால் முடிக்க 475 நாள் பிடிக்கும்.

செய்தியைப் படித்ததும் எழும் சந்தேகங்கள் மூன்று.

1. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்றுதானே படித்தோம், இதில் 'மிகப் பெரியது' எங்கிருந்து வந்தது?
2. வாசிக்கவே ஒன்றேகால் வருடம் ஆகும் எண்ணை எதனாலும் வகுக்க முடியாது என்று எப்படி உறுதி செய்தார்கள்?
3. இது கிடைத்ததால் இணையப் பாதுகாப்புக்கு ஏதாவது ஆகுமா?

முதலாவதும் மூன்றாவதும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாவதுதான் விஷயமே. இனி இந்த எண்ணை 'ம' என்றும், அதன் அடுக்கான 136279841-ஐ 'ப' என்றும் குறிப்போம்.

'அறியப்பட்ட' என்ற சொல்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண்தான் பகா எண். மற்றவை பகு எண்கள். பகா எண்கள் முடிவற்றவை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். ஆகவே மிகப் பெரிய பகா எண் என்று ஒன்று கிடையாது. 'அறியப்பட்ட' என்ற சொல்லைத் தலைப்பில் விழுங்கிவிட்டதால் வந்த குழப்பம் இது.

ம-வுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே குறைந்தது ஒரு பகா எண்ணாவது இருந்தே ஆக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட தேற்றம் அது. உண்மையில் ஒன்றிரண்டு அல்ல, எண்ணி மாளாத அளவுக்கு இருக்கின்றன. ம-வின் அக்கம்பக்கத்தில் சராசரியாக 9.4 கோடி எண்களுக்கு ஒன்று பகா எண். ஆனால் அவற்றில் ஒன்றையாவது விரல் நீட்டிக் காட்ட முடியுமா? முடியாது. கூட்டத்தில் ம மட்டும் எப்படி அகப்பட்டது என்பதற்கான பதில் அதன் அளவில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

தொடாமலே தெரிந்துகொள்ளும் இலக்கங்கள்

வடிவம் தெரிந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு சின்ன மாதிரி. ம-வின் கடைசி இரண்டு இலக்கங்கள் என்ன? கணினி வேண்டாம், காகிதம் போதும்.

2-இன் அடுக்குகளை 4, 8, 16, 32, 64, 128 என்று எழுதிக்கொண்டே போய்க் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பாருங்கள். 20 அடிக்கு ஒரு முறை அதே வரிசை திரும்பவும் வரும். 2^21 = 2097152, முடிவு 52. ஆகவே 2^41, 2^61 எல்லாமே 52-இல்தான் முடியும். ப-வை 20-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2^ப-வின் முடிவும் 52. ஒன்றைக் கழித்தால், ம முடிவது 51-இல்.

முதல் இலக்கம் 8. அதை மடக்கை வைத்துச் சொல்லிவிடலாம்: ப-வை 2-இன் மடக்கையான 0.30103-ஆல், இன்னும் சில தசம இடங்கள் சேர்த்து, பெருக்கினால் 41024319.945 வருகிறது. முழு எண் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் மொத்த இலக்கங்கள். தசமப் பகுதி முதல் இலக்கத்தைத் தருகிறது. நடுவில் உள்ள நான்கு கோடியைத் தொடவே இல்லை.

வரிசையாக ஒன்றுகள்

கணினியின் இரும முறையில் ம-வை எழுதினால் வெறும் ஒன்றுகள்தான் வரும், மொத்தம் 13.6 கோடி ஒன்றுகள். 2^ப என்பது 1-க்குப் பின்னால் ப சுழியங்கள். அதில் ஒன்றைக் கழித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். பதின்ம முறையில் 1000 − 1 = 999 ஆவது போலத்தான்.

இந்த வடிவ எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் தந்தார். 67, 257 இரண்டையும் தவறாகச் சேர்த்துவிட்டார். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். இருந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொள்வோம்: 111111. இதை மும்மூன்றாகப் பிரித்தால் 111 111, அதாவது 111 × 1001. இரண்டிரண்டாகப் பிரித்தால் 11 × 10101. (பதின்மத்தில் 63 = 7 × 9 = 3 × 21.) ஒன்றுகளைச் சம கட்டுகளாகக் கட்ட முடிந்தால் காரணி கிடைத்துவிடும். கட்டவே முடியாமல் இருக்க வேண்டுமானால் ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருக்க வேண்டும். 136279841 பகா எண்தான்.

ஆனால் இது முதல் நுழைவாயில் மட்டுமே. 11 பகா எண்; 2^11 − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருந்தும் ஏமாற்றுகிறவைதான் அதிகம்.

காரணியாக வர யாருக்குத் தகுதி?

அந்த 23, 89 இரண்டையும் உற்றுப் பாருங்கள். 23 = 2 × 11 + 1. 89 = 8 × 11 + 1. இரண்டுமே 11-இன் இரட்டைப்படை மடங்கோடு ஒன்று கூட்டியவை. தற்செயல் இல்லை. காரணம் இது:

1. 2-இன் அடுக்குகளை 23-ஆல் வகுத்து மீதிகளை எழுதினால் 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1 என்று 11 அடியில் 1-க்கு வந்து சேர்கின்றன. 23 என்பது 2^11 − 1-ஐ வகுப்பதாலேயே சுற்றின் நீளம் 11 ஆகிறது.
2. ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்கில் 2-இன் மீதி கட்டாயம் 1. இது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அப்படியானால் 22-ஆவது அடியிலும் 1 வர வேண்டும்.
3. சுற்று 11 அடி என்பதால் 22 என்பது 11-இன் மடங்காக இருந்தே தீரும். காரணி ஒற்றைப்படை, ஆகவே அதில் ஒன்று குறைந்தது இரட்டைப்படை. எனவே ஒவ்வொரு பகாக் காரணியும் 11-இன் இரட்டைப்படை மடங்கு கூட்டல் ஒன்று.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். 23-க்கு மீதி 7, 89-க்கு 1.

இவை இரண்டையும் நம் ம-வின் மேல் போட்டுப் பார்ப்போம். 2ப + 1-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 3, தள்ளு. 4ப + 1, மீதி 5, அதையும் தள்ளு. 6ப + 1-க்கு மீதி 7, அது தேறும். ஆக ம-வுக்குக் காரணி என்று ஏதாவது இருந்தால் அது குறைந்தது 81,76,79,047 ஆக இருக்க வேண்டும். ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் 81 கோடி வரையிலான எல்லா எண்களையும் ஒரே வீச்சில் கழித்துவிட்டோம்.

லெயோனார்ட் ஆய்லர் 2^31 − 1 = 2147483647 பகா எண் என்று 1772-இல் காட்டியது இந்தச் சலுகையை வைத்துத்தான். நேரடியாகப் போனால் 46,341-க்குள் உள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் போட்டதும் பார்க்க வேண்டியவை ஏறத்தாழ 370 எண்களாகக் குறைந்தன. கையால் செய்யக்கூடிய வேலை.

ம-வுக்கு இது போதாது. வகுத்துப் பார்ப்பது அதன் வர்க்கமூலம் வரை போக வேண்டும். அந்த வர்க்கமூலத்துக்கே 2 கோடிக்கு மேல் இலக்கங்கள். இந்தச் சல்லடை சிறிய காரணி உள்ளவற்றை ஆரம்பத்திலேயே தள்ளிவிட உதவும், அவ்வளவுதான்.

ஃபெர்மா வடிகட்டியும் அதன் ஓட்டையும்

அடுத்த யோசனை இயல்பானது. பகா எண் என்றால் ஃபெர்மாவின் தேற்றம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பகு எண், காரணி என்னவென்றே தெரியாவிட்டாலும்! பகு எண் என்று சொல்ல காரணியைக் காட்ட வேண்டியதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எண் கோட்பாட்டில் இது அன்றாடம் நடக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. சோதனைக்கு 2-ஐ அடிப்படையாக எடுத்தால் பகா அடுக்குள்ள எல்லா மெர்சென் எண்களும் தேறிவிடும், பகு எண்கள் உட்பட. 2047-க்கு 2^2046-இன் மீதியைப் பார்க்க வேண்டும். 2046 = 11 × 186; 2^11-இன் மீதி 1; ஆகவே மொத்தமும் 1. 23 × 89 என்று நமக்குத் தெரிந்த எண் பகா எண் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஃபெர்மாவின் தேற்றம் 2-க்குப் போலவே 3-க்கும் பொருந்தும். அதனால் 3-ஐ அடிப்படையாக வைக்கிறார்கள்.

அதில் தேறினாலும் 'பகா எண்ணாக இருக்க மிக வாய்ப்புண்டு' என்றுதான் சொல்லலாம், நிரூபணம் ஆகாது. 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு கிராபிக்ஸ் செயலி தந்தது அந்த அளவு செய்திதான். லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர், பல நாடுகளில் உள்ள தரவு மையங்களில் இத்தகைய செயலிகளை வாடகைக்கு எடுத்து, 1996-இலிருந்து நடக்கும் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் சேர்த்திருந்தார். மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு செயலி வேறொரு சோதனையை முடித்தது. நிரூபணம் என்று பெயர் பெற்றது அந்தச் சோதனைதான்.

அடுத்த வீட்டு எண்

லூக்கா–லேமர் சோதனை என்று அதற்குப் பெயர். எதுவார் லூக்கா 1870-களில் அடித்தளம் போட்டார், டெரிக் லேமர் 1930-இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். செய்முறை நான்கு வரி:

1. 4-இல் தொடங்கு.
2. வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
3. அடுக்கில் இரண்டு குறைவான தடவைகள் இதையே செய்.
4. கடைசியில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

31-க்குப் போட்டுப் பார்ப்போம். 31 = 2^5 − 1, ஆகவே மூன்று தடவை. 4; 16 − 2 = 14; 196 − 2 = 194, மீதி 8; 64 − 2 = 62, மீதி 0. தேறியது. 2047-க்கு ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை, பகு எண். ஃபெர்மாவின் 2-ஐ ஏமாற்றிய அதே எண் இங்கே மாட்டிக்கொண்டது.

பார்ப்பதற்கு மந்திரம் போல இருக்கும். உள்ளே நடப்பது இதுதான். 4 என்பது (2 + √3), (2 − √3) இரண்டின் கூட்டுத்தொகை; அவற்றின் பெருக்கற்பலன் 1. 'வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி' என்னும்போது இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம், வேறொன்றும் இல்லை. கடைசியில் 0 வருகிறது என்றால், (2 + √3)-ஐ அடுத்தடுத்து அதனாலேயே பெருக்கிக்கொண்டு போகும் சுற்று 1-க்குத் திரும்பச் சரியாக 2^ப அடிகள் எடுக்கிறது என்று பொருள். அதாவது ம + 1 அடிகள்.

ம பகு எண்ணாக இருந்தால் அதற்கு வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். அந்தக் காரணியால் வகுத்த மீதிகளின் உலகத்தில் 'அ + ஆ√3' மாதிரியான வடிவில் (அ, ஆ இரண்டும் அத்தகைய மீதிகள்) சுழியம் தவிர்த்து இருக்கக்கூடிய எண்கள், காரணியின் வர்க்கத்தைவிட ஒன்றாவது குறைவு. அது ம-வை எட்டவே எட்டாது. ம + 1 அடிகளுக்குத் திரும்பி வராத சுற்றை, ம இருக்கைகூட இல்லாத மண்டபத்தில் எப்படி உட்கார வைப்பது? இடம் இல்லை. எனவே அப்படிக் காரணி இல்லை. நிரூபணம் முடிந்தது.

கவனித்தால், இந்த வாதத்தைத் தாங்கி நிற்பது ம அல்ல, அதன் அடுத்த வீட்டு எண்ணான ம + 1. அது 2-இன் அடுக்கு மட்டுமே, வேறு காரணி கலக்காதது. அதனால்தான் சுற்றின் நீளத்தைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது. எதேச்சையாக எடுத்த நான்கு கோடி இலக்க எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள எண்களை யாராலும் காரணிப்படுத்த முடியாது, ஆகவே இந்த வழி அங்கே அடைத்திருக்கும். பகா எண் சாதனைப் பட்டியலின் உச்சியில் மெர்சென் எண்கள் திரும்பத் திரும்ப உட்காருவது அவை அபூர்வம் என்பதால் அல்ல, நிரூபிக்க இடம் கொடுப்பதால்.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு: பகு எண் என்று சொல்லும், காரணியைச் சொல்லாது. மெர்சென் தவறாகச் சேர்த்த 2^67 − 1 பகு எண் என்று லூக்கா 1876-இலேயே கண்டுபிடித்துவிட்டார். காரணிகள் 193707721 × 761838257287 என்று ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டியது 1903-இல். முதல் காரணியில் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் போகும். முன்பு சொன்ன விதிதான்.

13 கோடி தடவை வர்க்கம்

ம-வுக்கு இந்தச் சோதனையை 13,62,79,839 தடவை செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி, பிறகு ம-வால் வகுத்து மீதி எடுக்க வேண்டும்.

வகுப்பது உண்மையில் வேலையே இல்லை, இங்கேயும் வடிவம் கைகொடுக்கிறது. 194-ஐ 31-ஆல் வகுத்த மீதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருமத்தில் 194 = 11000010. கடைசி ஐந்து இடங்களை வெட்டுங்கள்: 110, 00010. அதாவது 6, 2. கூட்டினால் 8. அதுதான் மீதி. 32-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், மேல்பகுதியை அப்படியே மடித்துக் கீழ்ப்பகுதியோடு கூட்டிவிடலாம்.

வர்க்கம்தான் பாரம். பள்ளியில் படித்த முறையில் பெருக்கினால் ஒரே ஒரு வர்க்கத்துக்கு 16 கோடி கோடிக்கும் மேற்பட்ட ஓரிலக்கப் பெருக்கல்கள். அதற்குப் பதிலாக எண்ணை ஒலி அலை போலப் பாவித்து, வேக ஃபூரியர் உருமாற்றத்தால் பெருக்குகிறார்கள். இது தசமக் கணக்கில் ஓடுவதால் எங்காவது ஒரு சிறு பிழை நுழைந்தாலும் பதில் முழுக்கக் கெட்டுவிடும். அதனால்தான் வேறு மென்பொருள், வேறு வன்பொருள் என்று பல முறை சரிபார்த்த பிறகு அக்டோபர் 21 அன்று அறிவித்தார்கள். இந்தக் கணக்கு கணினியை அவ்வளவு கசக்கிப் பிழிவதால், வன்பொருளைச் சோதிக்கவும் இதே மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

கூடவே ஒரு நிறைவெண்

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் வேறு எந்த வழியிலும் வராது என்பதை ஆய்லர் நிறுவினார். ஆகவே ம-வோடு 8 கோடியே 20 லட்சத்து 48 ஆயிரத்து 640 இலக்க நிறைவெண் ஒன்றும் அதே நாளில் பிறந்தது. ஒற்றைப்படை நிறைவெண் இருக்கிறதா என்பது இன்றுவரை திறந்த கேள்வி.

பாதுகாப்புக்கு என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஆர்எஸ்ஏ குறியாக்கத்தில் பரவலாகப் பயன்படும் 2048 பிட் சாவிக்கு 309 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்கள் வேண்டும், அவை ரகசியமாக இருக்க வேண்டும். செய்தியில் வந்த எண் ரகசியமா? அதன் வேலை அங்கேயே முடிந்தது. பெரிய பகா எண் கிடைத்ததால் பூட்டு வலுக்கிறது என்றோ உடைகிறது என்றோ எழுதுவது இரண்டுமே தவறு.

ஆனால் சிறிய மெர்சென் பகா எண்கள் ரகசியமாக இல்லாமலே உழைக்கின்றன. 2^521 − 1 ஒரு நீள்வட்ட வளைவரைக் குறியாக்கத் தரத்தின் அடிப்படை. அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், மேலே பார்த்த அந்த மடித்துக் கூட்டும் வசதி. 2^19937 − 1 என்பது பல நிரல் மொழிகளில் உள்ள மெர்சென் ட்விஸ்டர் என்ற சமவாய்ப்பு எண் உற்பத்தி முறையின் சுற்று நீளம். ஆய்லரின் 2147483647, குறியோடு கூடிய 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு. நிரல் எழுதுகிறவர்கள் என்றாவது ஒரு நாள் அதில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

52 என்ற எண்ணிக்கை

ம-வை 52-ஆவது மெர்சென் பகா எண் என்று சில செய்திகள் எழுதின. சரியாகச் சொன்னால் கிடைத்தவற்றில் 52-ஆவது. இதற்கு முன்னால் சாதனையில் இருந்த 2^82589933 − 1 கிடைத்தது 2018 டிசம்பரில். அந்த அடுக்குக்கும் இந்த அடுக்குக்கும் இடையில் இருந்த எல்லா அடுக்குகளையும் சோதித்து முடிக்கும் முன்பே இது அகப்பட்டுவிட்டது. நடுவில் ஒன்று ஒளிந்திருக்க இடம் உண்டு. மெர்சென் பகா எண்கள் முடிவற்றவையா என்பதே நிரூபிக்கப்படவில்லை. அடுக்கு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1.78 மெர்சென் பகா எண்கள் வரும் என்ற ஊகம் மட்டும் இருக்கிறது.

அடுத்த இலக்கு 10 கோடி இலக்கம். அதற்கு 1,50,000 டாலர் பரிசும் காத்திருக்கிறது. அடுக்கு 33 கோடியே 21 லட்சத்தைத் தாண்ட வேண்டும். தடவைகளும் இரண்டரை மடங்கு, ஒவ்வொரு வர்க்கமும் இரண்டரை மடங்கு. ஆக ஒரே ஓர் எண்ணைச் சோதிக்க இப்போது ஆகும் நேரத்தைப் போல ஆறு மடங்கு ஆகும்.